மரத்துக்கு விலாசம் கேட்கிறார்கள், வெட்டுகிறவனுக்கு?

தோழர்களே! பால்மரத் தோட்டத்தில் நாம் பார்க்காத காகிதமில்லை. பெரட்டில் பேர் கூப்பிடும் செக்ரோல் புத்தகம், பால் நிறுத்த கணக்கு, மெட்ரோலாக் விட்டுப் பார்த்த கணக்கு, கடைக்காரர் நீட்டும் கடன் துண்டு, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் நம்மைத் தேடி வந்தது. இப்போது வந்திருக்கும் காகிதம் புது மாதிரி. அது நம்மைத் தேடி வரவில்லை. நாம் வெட்டும் மரத்தைத் தேடி வந்திருக்கிறது. "இந்த மரம் உலகத்தில் எந்த இடத்தில் நிற்கிறது? 2020 டிசம்பர் 31ஆம் தேதிக்குப் பிறகு காட்டை அழித்து நட்டதா?" என்று கேட்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ரப்பர் ஐரோப்பாவின் துறைமுகங்களில் இறங்க முடியாது.

ஆயர் தாவார் வட்டாரத்துத் தொழிலாளர்கள் இது பற்றி நம்மிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். வெட்டுக்காரர்கள் கேட்பது: "வெள்ளைக்காரன் புதுச் சட்டம் போட்டுவிட்டான், செலவு ஏறிவிட்டது, ஆகவே கூலியைப் பற்றி இப்போது பேசாதே என்கிறார்களே, இது மெய்யா?" கிராணிமார் கேட்பது: "மரத்தின் எண்ணை எழுதும் வேலையை எங்கள் தலையில் கட்டுகிறார்களே, இது எங்கள் வேலையா? நாளைக்குத் தப்பு வந்தால் யார் தலை உருளும்?" இரண்டு கேள்வியும் நியாயமானவை. மழுப்பாமல் பதில் சொல்வது நமது கடமை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஆத்திரப்படுவதால் லாபமடைகிறவர் நிர்வாகிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1115 என்ற எண்ணுள்ள சட்டம் இது. மாடு, கொக்கோ, காப்பி, செம்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு சரக்கையும், அவற்றிலிருந்து செய்த பல பொருள்களையும் இது கட்டுப்படுத்துகிறது. ரப்பரைப் பொறுத்தவரை டயரும் கையுறையும்கூட இதில் அடக்கம். சரக்கு விளைந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதித் தர வேண்டும். நாலு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்கு, உட்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மேற்பட்டால் எல்லை முழுவதையும் சுற்றிக் காட்ட வேண்டும். எண்ணில் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் இருக்க வேண்டுமாம். ஆயர் தாவார் வடக்கே நாலு டிகிரி சொச்சம், கிழக்கே நூறு டிகிரி சொச்சம். அந்தச் சொச்சத்தின் ஆறாவது இலக்கம் நிலத்தில் சுமார் 11 சென்டிமீட்டர். மரத்தில் நாம் கட்டும் மங்கின் அகலம் அவ்வளவுதான்! மங்கு தொங்கும் இடத்தைக்கூடப் பிரசல்ஸிலிருந்து துல்லியமாகப் பார்க்க விரும்புகிறார்கள். மங்கைக் கழுவிக் கவிழ்த்த கை யாருடையது என்பதற்கு எத்தனை இலக்கம் என்று பிறகு கேட்போம்.

இதை ஐரோப்பாவில் முதலில் இறக்குமதி செய்கிற கம்பெனி, தீர விசாரித்தோம் என்று ஓர் அறிக்கையாக எழுதித் தர வேண்டும். அந்த அறிக்கையின் எண் சுங்கப் பாரத்தில் ஏற வேண்டும். எண் இல்லையேல் சரக்கு நகராது. பொய் சொன்னால் அபராதம்; அதன் உச்சவரம்பு கம்பெனியின் ஓராண்டு விற்பனைத் தொகையில் 4 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆதாரங்களை ஐந்து ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். நம் நாட்டுத் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கு எழுதும் கே-2 பாரம் பழையபடி உண்டு. அதற்குப் பின்னால் இந்தப் புது மூட்டையும் சேர்ந்து போக வேண்டும். 2024 டிசம்பர் 30 முதல் அமல் என்று முதலில் சொன்னார்கள். ஓராண்டு தள்ளினார்கள். 2025 டிசம்பரில் மறுபடியும் தள்ளி, பெரிய கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30 என்றும், சிறியவர்களுக்கு 2027 ஜூன் 30 என்றும் தேதி வைத்தார்கள்.

இனி, செலவு ஏறிவிட்டது என்ற புலம்பலுக்கு வருவோம்.

கம்பெனித் தோட்டத்துக்கு இந்தக் காகிதத்தால் என்ன பெரிய கஷ்டம்? சொல்லட்டும் பார்க்கலாம். நிலத்துக்குச் சர்வே செய்த கிராண்டு இருக்கிறது. ஆபீஸ் சுவரில் பீல்டு வாரியாக வர்ணம் தீட்டிய வரைபடம் தொங்குகிறது. எந்தப் பீல்டு எந்த ஆண்டு நட்டது, எந்த ஆண்டு மறுநடவு, எத்தனை மரம், எந்த நிரையை யார் வெட்டுகிறார், இன்றைக்கு எத்தனை கிலோ என்று நாள் தவறாமல் எழுதி வைத்திருப்பது தோட்டத்து ஆபீஸ்தான். அரை நாள் வராத வெட்டுக்காரனைப் பிடிக்கத் தெரிந்த கணக்குக்கு, ஐந்நூறு ஏக்கர் பீல்டைப் பிடிக்கத் தெரியாதா?

காட்டு விஷயம் இதைவிட வேடிக்கை. பேராக்கில் பால்மரம் கால் ஊன்றியது 1877இல், கோலகங்சாரில். அதற்குப் பிறகு இந்தக் கரையோரச் சீமையில் காட்டை வெட்டி, தீ வைத்து, பள்ளம் தோண்டி, கன்று நட்ட கூட்டத்தில் நம் பாட்டன்மாரும் இருந்தார்கள். மலேரியாவில் செத்தவர்களை அந்தந்தத் தோட்டத்து மண்ணிலேயே புதைத்தார்கள். அந்தக் காட்டைப் பற்றிப் புதுச் சட்டம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐரோப்பாவின் மோட்டார் வண்டிகளெல்லாம் அந்தக் காடு போன இடத்தில் விளைந்த ரப்பரில்தான் உருண்டன. ஆகவே கணக்கை 2020இலிருந்து தொடங்குவது அவர்களுக்குச் சௌகரியம். போகட்டும். நாம் சொல்ல வந்தது இதுதான்: நூறு ஆண்டுப் பழைய ரப்பர் நிலத்தில் மறுபடியும் ரப்பர் நட்டால் அது இந்தச் சட்டப்படி காட்டழிப்பு அல்ல. பழைய தோட்டம் இந்தப் பரீட்சைக்குப் படிக்காமலே போய்த் தேறலாம். தேறப் போகிறவர் பரீட்சைச் செலவென்று சொல்லி நம் கூலியில் கை வைப்பது எந்த நியாயம்?

உண்மையாகவே கஷ்டப்படுகிறவர் சிறுதோட்டக்காரர். இன்றைக்கு இந்த நாட்டில் வெட்டப்படும் ரப்பரில் மிகப் பெரும்பகுதி அவருடையது. சித்தியவான், ஆயர் தாவார், புருவாஸ் பக்கமெல்லாம் கம்பெனி நிலங்களில் செம்பனை ஏறிய பிறகு, ரப்பர் நிற்பது பெரும்பாலும் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் துண்டுகளில்தான். தோட்டத்திலிருந்து வெளியேறிய நம்மவர்களில் சிலரும் அப்படிப்பட்ட துண்டை வாரத்துக்கு வெட்டுகிறார்கள். அவர் கட்டிப்பாலைச் சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்து வியாபாரியிடம் போடுகிறார். வியாபாரி பத்துப் பேர் சரக்கை ஒரே குவியலாகக் கொட்டுகிறார். அது லாரி ஏறி ஆலைக்குப் போகிறது. ஆலையிலோ தாய்லாந்திலிருந்தும் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டிலிருந்தும் வந்த சரக்கு ஒரு பக்கம் கிடக்கிறது. தான் உற்பத்தி செய்வதைவிட அதிகமான ரப்பரை இறக்குமதி செய்யும் நாடாக மலேசியா மாறிவிட்டதை எத்தனை பேர் அறிவீர்கள்? 1980களில் ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்கு மேல் எடுத்த நாடு, 2023இல் மூன்றரை லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை. புதுச் சட்டப்படி, விலாசம் தெரிந்த பாலும் தெரியாத பாலும் ஒரே தொட்டியில் கலந்தால் முழுத் தொட்டியும் தெரியாத பால்தான். எனவே குவியலைப் பிரிக்க வேண்டும், லாரியைப் பிரிக்க வேண்டும், தொட்டியைப் பிரிக்க வேண்டும். இந்தச் செலவு மெய். ரப்பர் வாரியம் சிறுதோட்டக்காரருக்குக் கொடுத்திருக்கும் விற்பனை அனுமதி அட்டையை வைத்து நிலத்தின் புள்ளியையும் சேர்த்து எழுதினால், அவருக்குத் தேவை ஒரே ஒரு புள்ளிதான். அதை வாரியம் இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும். இடையில் ஒரு புரோக்கர் கூட்டம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்து, புள்ளிக்கு இத்தனை வெள்ளி என்று வசூல் செய்ய இடம் கொடுக்கக் கூடாது.

சிறுதோட்டக்காரரின் இந்தக் கஷ்டத்தைக் காட்டித்தான் பெரிய தோட்டம் அழுகிறது. அடுத்த வீட்டுச் சாவுக்கு நம் வீட்டில் மொய் கேட்பது போல இருக்கிறது இது.

தோழர்களே, துறைமுகத்துக் காகிதம் நம் கூலியில் கத்தி வைப்பது இது முதல் தடவையல்ல. 1934இல் லண்டனில் ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் ஒன்று செய்தார்கள். நாட்டுக்கு இவ்வளவு, தோட்டத்துக்கு இவ்வளவு என்று ஏற்றுமதிப் பங்கு பிரித்தார்கள். சிறுதோட்டக்காரருக்குக் கூப்பன் கொடுத்தார்கள். கூப்பன் இல்லாத ரப்பர் வெறும் பசை. அந்தக் கூப்பன் கணக்கில் மலாயாவின் சிறுதோட்டக்காரருக்கு அவர் மரம் கொடுக்கக்கூடியதைவிடக் குறைவாகவே எழுதினார்கள் என்று பிற்பாடு பொருளாதார நிபுணர் பி. டி. பவர் ஆராய்ந்து எழுதினார். தோட்டத்தில் நடந்ததென்ன? 1938இல் விலை விழுந்தது. வருஷத் தொடக்கத்தில் 70 சதவீதமாக இருந்த ஏற்றுமதிப் பங்கை 60 ஆக்கினார்கள். ஜூலையிலிருந்து 45 ஆக்கினார்கள். அதே 1938இல்தான் இந்தியத் தொழிலாளியின் 50 காசு நாள் கூலி 45 காசாக இறங்கியது. லண்டன் கமிட்டி ஒரு காகிதத்தில் ஓர் எண்ணை அடித்து வேறு எண் எழுதியது. இங்கே நம் பாட்டி அரிசிப் பானையில் கையளவைக் குறைத்தாள். அந்தக் கூலிக் குறைப்பை ஒட்டித்தான், 1938 ஜூனில், உதவி பெற்று மலாயாவுக்கு ஆள் வருவதையே இந்திய சர்க்கார் தடை செய்தது.

இந்தச் சரித்திரத்தை மறக்காமல்தான் இன்றைய காகிதத்தைப் பார்க்க வேண்டும். விலை இறங்கினால் கூலியை இறக்கக் காகிதம் காரணம் ஆகும். விலை ஏறினால் அதே காகிதம் வாய் திறக்காது. விலாசம் எழுதிய ரப்பருக்குச் சந்தையில் கூடுதல் விலை கேட்கிறார்கள். 2024இல் தாய்லாந்தில் அப்படிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். நம் நாட்டில் அந்தக் கூடுதல் காசு வரும்போது அது யார் பையில் விழும்? 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற தர முத்திரை வந்ததை நினைத்துப் பாருங்கள். ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பது போய், சோதனைச் சாலையில் அளந்து சான்று கொடுக்கும் முறை உலகத்துக்கே வழிகாட்டியாக இங்கிருந்துதான் கிளம்பிற்று. நல்ல காரியந்தான், நாம் குறை சொல்லவில்லை. முப்பத்து மூன்றேகால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கட்டு, முப்பது கட்டு ஒரு டன். பத்தாம் நம்பர்த் தரத்தில் அழுக்கு 0.08 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த 0.08 எங்கே தீர்மானமாகிறது? மங்கிலிருந்து இலையையும் பட்டையையும் மண்ணையும் பொறுக்கி எறிகிற விரலில். சான்றுக் காகிதத்தில் அந்த விரலுக்கு எந்தக் கட்டமும் கிடையாது.

இப்போது, நிர்வாகிகள் வாசித்துக் காட்டாத பக்கத்துக்கு வருவோம்.

காடு அழிக்காமல் இருந்தால் மட்டும் போதும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. சரக்கு விளைந்த நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டு விளைந்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எந்தச் சட்டங்கள் என்று பட்டியலும் போடுகிறது. நில உரிமை, வரி, சுங்கம் ஆகியவற்றோடு தொழிலாளர் உரிமை என்றும் அதில் எழுதியிருக்கிறது. சர்வதேசச் சட்டம் காக்கும் மனித உரிமை என்றும் எழுதியிருக்கிறது. ஆகவே அந்த மூட்டையில் மரத்தின் விலாசம் ஒரு பாதி. வெட்டுகிறவனின் நிலை மறு பாதி. ஆபீசில் பேசப்படுவதெல்லாம் முதல் பாதிதான். வானத்திலிருந்து படம் எடுக்கும் கருவிக்கு மரம் தெரியும். சம்பளத் துண்டு தெரியாது. லயத்து வீட்டின் ஒழுகும் தகரம் வேண்டுமானால் பளபளவென்று தெரியலாம், ஒழுகுவது தெரியாது.

அந்த மறு பாதியை எழுதப் போவது யார்? நிர்வாகியே கேள்வி கேட்டு, நிர்வாகியே பதில் எழுதி, நிர்வாகியே முத்திரை குத்துவார். 1,700 வெள்ளிக் குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி முதலும், மிகச் சிறிய முதலாளிகளுக்கு 2025 ஆகஸ்டு முதலும் சட்டமாகியிருக்கிறது. மழை நாளையும் வெட்டு நிறுத்த நாளையும் கழித்த பிறகும் அது முழுதாகக் கைக்கு வருகிறதா என்று யாரைக் கேட்டு எழுதுவார்? தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446 இருக்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்து எழுதுவாரா? சங்கத்தோடு பேரம் பேசும் உரிமை பற்றிய ஐ.எல்.ஓ. 98ஆம் உடன்படிக்கையை இந்த நாடு 1961இலேயே ஏற்றுக்கொண்டது; அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம் பக்கத்து நிரையில் நிற்கும் தோழனின் பாஸ்போர்ட் அவன் பெட்டியில் இருக்கிறதா, ஆபீஸ் பெட்டியில் இருக்கிறதா?

இதெல்லாம் வீண் பேச்சு, வெளிநாட்டுச் சுங்கம் கூலிக்காரனுக்காகச் சரக்கை நிறுத்துமா என்று கேட்பவருக்கு ஒரு சேதி. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, நம் நாட்டுக் கையுறைக் கம்பெனியான டாப் கிளவ்வின் சில ஆலைகளின் சரக்கைத் துறைமுகத்திலேயே தடுத்தது. அடிமைத்தனமாக வேலை வாங்கிய சரக்கு உள்ளே வரக் கூடாது என்னும் 1930ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களிடம் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர் வேலைக்கு வருவதற்கே கட்டிய ஏஜெண்டுக் கடனை, கம்பெனி அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. தொழிலாளருக்குக் கொடுத்த தொகை 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்று அந்தச் சுங்கத்துறையே 2021 செப்டம்பரில், தடையை நீக்கும்போது சொன்னது. கவனியுங்கள்! பல வருஷம் கண்ணீர் விட்டுக் கேட்டும் வராத காசு, கப்பல் நின்றதும் வந்தது. இதே மாதிரி ஐரோப்பாவும் கட்டாய உழைப்புச் சரக்கைத் தடுக்கும் சட்டம் ஒன்றை 2024இல் போட்டிருக்கிறது. 2027 டிசம்பர் 14 முதல் அமல் என்று அதில் எழுதியிருக்கிறது.

இதனால் நாம் ஐரோப்பாவுக்கு மாலை போடுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். "புதிய காலனி ஆதிக்கம், கிழித்துப் போடு" என்று நம் பக்கத்திலும் சிலர் முழங்குகிறார்கள். அவர்கள் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. 2025 மே மாதம் நாடுகளைத் தரம் பிரித்தபோது, தாய்லாந்தை ஆபத்துக் குறைந்த நாடு என்றும் மலேசியாவை நடுத்தர ஆபத்து என்றும் எழுதினார்கள். அதன் பலன், நம் சரக்குக்குக் கூடுதல் காகிதம், கூடுதல் சோதனை. நம்மைக் கேட்டா எழுதினார்கள்? 2023 மே மாதம் நம் துணைப் பிரதமரும் இந்தோனேசிய மந்திரியும் பிரசல்ஸுக்கே போய் முறையிட்டு வந்தார்கள். சிறுதோட்டக்காரருக்காக வாதாடினார்கள், வாழ்க. ஆனால் காகிதத்தைக் கிழித்துவிட்டால் கூலி ஏறிவிடுமா? காகிதம் இல்லாத காலத்தில் நம்மை யார் தங்கத் தொட்டிலில் வைத்தார்கள்? இந்தக் காகிதம் வெளிநாட்டுக்காரன் தன் மனசாட்சிக்காகப் போட்டது, நமக்காகப் போட்டதல்ல. அதிலே தெரிந்தோ தெரியாமலோ நமக்கு ஒரு கட்டம் விழுந்திருக்கிறது. அந்தக் கட்டத்தை வேறொருவர் நம் பேரில் நிரப்ப விடக் கூடாது என்பதுதான் நமது வாதம்.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டுக்காரனும் கிராணியும் இரண்டு சாதி என்று நினைக்கவைத்தே நம்மை நூறு வருஷம் ஆண்டார்கள். இந்தக் காகிதம் உங்களையும் எங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறது. பீல்டு எண், கட்டு எண், வெட்டிய தேதி, லாரி எண் என்று நீங்கள் எழுதப் போகும் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து வருஷம் கழித்துக்கூடக் கேள்வி வரலாம். அபராதம் கட்டுவது சட்டப்படி அங்கே இறக்குமதி செய்யும் கம்பெனி, ஆனால் இங்கே "யார் எழுதியது?" என்று கேட்கும்போது தேடப்படும் கையெழுத்து உங்களுடையது. எனவே இந்த வேலையை எழுத்து மூலம் கட்டளையாக வாங்குங்கள். வேலை நேரத்துக்குள் முடியாவிட்டால் ஓவர்டைம் கேளுங்கள். கண்ணால் பார்க்காத பீல்டுக்கும், கேட்டறியாத சம்பளக் கேள்விக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். மேலிருந்து அவசரப்படுத்தினால், "சங்கத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் சொல்லுங்கள். உங்கள் சிப்பந்திச் சங்கமும் நம் சங்கமும் இந்த ஒரு விஷயத்திலாவது தனித்தனியே நிர்வாகத்தின் வாசலில் நிற்கக் கூடாது.

நிர்வாகங்களுக்கு நாம் வைப்பது சிறிய கோரிக்கைதான். மரத்தின் விலாசத்தை உங்கள் சர்வேயர் எழுதட்டும். தொழிலாளர் உரிமை என்ற பக்கத்தைச் சங்கக் கிளையின் பிரதிநிதி படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டோ மறுத்தோ கையெழுத்திட்ட பிறகே துறைமுகத்துக்கு அனுப்புங்கள். விலாச ரப்பருக்குக் கூடுதல் விலை வரும் மாதம், அது எவ்வளவு என்று பெரட்டுக் களத்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். காகிதச் செலவை வெட்டுக் கூலியின் கணக்கில் எழுதாதீர்கள். ஒழுங்காக நடக்கும் தோட்டம் இதற்குப் பயப்பட என்ன இருக்கிறது?

ஆயர் தாவார் என்றால் மலாய் மொழியில் உப்பில்லாத நல்ல தண்ணீர் என்று பொருள். லயத்துக் குழாயில் வருவது அதுதானா என்பதையும் வரப்போகும் கிளைக் கூட்டத்தில் எழுதிக்கொள்வோம். வெட்டுக்காரத் தோழர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டைக் கொண்டு வரவும். கிராணித் தோழர்கள், நிரப்பச் சொல்லிக் கொடுத்த பாரம் எதுவானாலும், எழுதாத நகல் ஒன்றைக் கொண்டு வரவும். பெண் தொழிலாளர்கள் கட்டாயம் வர வேண்டும். பால் நிறுக்கும் இடத்தில் நடப்பது அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். துண்டையும் பாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் படிப்போம்.